இரண்டாம் சுற்றில் ஓர் இடம்

மில்வாக்கி என்னை டூசானுக்குக் கொடுத்தது.
பதிலுக்கு வாங்கிக்கொண்டது
வருகிற ஆண்டு விட்டு அதற்கடுத்த ஆண்டு டிராஃப்டில்
இரண்டாம் சுற்றில் ஓர் இடம்.

ஆள் இல்லை. இடம்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபது.
காசு போட்டுத் துவைக்கும் கடையில்
உலர்த்தியின் வட்டக் கண்ணாடிக்குள்
என் காலுறைகள் சுற்றிக்கொண்டிருந்தன.
மேலாளர் ஃபென்விக் இரண்டு நிமிடம் பேசினார்.
அதில் மூன்று தடவை நன்றி.
நடுவில் யாரோ அவரிடம்
சாண்ட்விச்சில் வெங்காயம் வேண்டுமா என்று கேட்டார்கள்.
வேண்டாம் என்றார்,
என்னோடு பேசிய அதே குரலில்.

உலர்த்தியில் இன்னும் பதினாறு நிமிடம் மிச்சம்.
காசு போட்டாயிற்று. உட்கார்ந்திருந்தேன்.

ஏழு பருவம் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரி.
எல்லைக்கோட்டுச் சுண்ணாம்பு
பூட்ஸில் ஒட்டுகிற தூரத்தில்தான்
என் பிழைப்பு.
இடம் என்றால் எனக்கு வலத்துக்கு எதிர்ப்பக்கம்,
அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

ஓடெட் டூஸான் பெட்டி கட்ட உதவினாள்,
உதவாமல் என் கட்டிலில் படுத்துக்கொண்டு
விரல்விட்டு எண்ணினாள்:
"அந்த இடத்துக்கு வரப்போகிறவளுக்கு
இப்போது பத்தொன்பது இருக்கும், மாரிட்.
எங்கேயோ கல்லூரியில் இரண்டாம் ஆண்டு.
புள்ளியியலில் தோற்றிருப்பாள்."

சொல்லியிருக்கக் கூடாது.
அன்றிலிருந்து அவளுக்கு ஒரு கணுக்கால் வந்துவிட்டது,
அதன்மேல் பனிக்கட்டிப் பை.
நெப்ராஸ்காவில் ஒரு விடுதி அறை,
சன்னலுக்கு வெளியே சோளத்தட்டை, காற்று.
தன்னைக் கொடுத்து என்னை வாங்கியிருக்கிறார்கள் என்று
அவளுக்குத் தெரியாது.
தெரிந்தால் என் ஆட்டத்தைப் பார்த்து
இவளுக்கா என்று கேட்பாளோ?

டூசானில் வெயில்
காலை ஏழு மணிக்கே பல்லைக் காட்டும்.
புல்லுக்குத் தண்ணீர் விட்ட கையோடு ஆடுவோம்.
தோற்போம்.
இன்னொரு கணக்கு அப்போதுதான் உறைத்தது:
கொடுத்தது டூசானின் இடம்.
கடைசியில் நிற்கும் அணிக்கே முதல் அழைப்பு.
நாங்கள் தோற்கத் தோற்க
அந்த இடம் முன்னால் நகரும்,
என் விலை ஏறும்.

ஜூலையில் நான்கு கோல் வாங்கினோம்.
அதில் இரண்டு என் பக்கமாக வந்தவை.
அன்றிரவு என் வாழ்நாளிலேயே
நான் அதிகம் பெறுமானமுள்ளவளாக இருந்தேன்.

இதற்கிடையில் மில்வாக்கி
அந்த இடத்தை பஃபலோவுக்குத் தள்ளிவிட்டது,
கூடக் கொஞ்சம் பணமும் சேர்த்து,
ஒரு கோல்கீப்பருக்காக.
பஃபலோ அதை யாருக்கோ.
கைமாற்றாக வாங்கிய குடைபோல
அது ஊர் ஊராகப் போனது.
நெப்ராஸ்காக்காரி மட்டும்
அதே அறையில், அதே பனிக்கட்டிப் பையோடு.

அடுத்த ஆகஸ்டில் புது ஒப்பந்தம்.
டிராஃப்ட் இனி கிடையாது,
யாரும் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம்.
விமான நிலையப் பேருந்தில்
கைபேசியில் வாக்களித்தோம்.
முன்னிருக்கையில் ஒருத்தி அழுதாள், சந்தோஷத்தில்.
நானும் ஆம் என்றுதான் அழுத்தினேன்.
மறுபடி கேட்டாலும் ஆம்தான்.

ஆனால் விரலை எடுத்த பிறகு
கொஞ்ச நேரம் திரையையே பார்த்தேன்.
வராத தேதியிட்ட காசோலை நான்.
மில்வாக்கி என்னைக் கொடுத்து வாங்கியது
கடைசியில் எதை?
வழக்கறிஞர்கள் ஏதோ ஈட்டுத்தொகை பேசி முடித்தார்களாம்.
எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.
கேட்டேன். சொல்லவில்லை.

பிப்ரவரியில் பயிற்சி தொடங்கிய அன்று
உடைமாற்றும் அறையில் ஒரு புதுப்பெண்,
முழங்கையில் தழும்பு, வாயில் சூயிங்கம்.
மூன்று அணிகள் கூப்பிட்டனவாம்,
இங்கே மலை தெரிகிறது என்பதால் வந்தாளாம்.
நெப்ராஸ்காவா என்றேன்.
இல்லை, டெலவேர்.

என் பக்கத்து இருக்கையைக் காட்டி
"இந்த இடம் யாருக்காவதா?" என்றாள்.

அதன்மேல் என் பை இருந்தது.
எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.