பதினோராவது கதவு

ஏரிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
கன்டோன் தாளில் அது
எண் நாற்பத்தேழு.

நிதர்சன் பிறந்த கோடையில்
பனியாற்றின் காலடியில்
குளியல்தொட்டி அளவுக்கு ஒரு நீலம்.
யாரோ அதில் செம்மறிக்குத் தண்ணீர் காட்டினார்களாம்.
இப்போது மகன் நிலைக்கதவில் குனிந்து வருகிறான்.
எங்கள் தேவாலயத்தை அந்த ஏரியில் இறக்கினால்
கோபுரத்துச் சேவலும் நனையும்.

கரையை யாரும் கட்டவில்லை.
பனி தள்ளிக்கொண்டுவந்து விட்டுப்போன கல், களி;
அதற்குள்ளே இன்னும் உருகி முடியாத பழைய பனிக்கட்டி,
சுவருக்குள் வைத்துப் பூசிய சவர்க்காரம் போல.
துருசு இல்லை. கலிங்கு இல்லை.
'வான் பாயுமா' என்று கேட்க வாயெடுத்தேன்.
ஜெர்மனில் வானம் பாயாது.
வழியுமா என்று கேட்டேன்.
"வழிந்தால் நல்லது. உடைந்தால்தான்..."
பொறியாளர் இம்போடன்
மீதியைச் சொல்லாமல் மடிக்கணினியை மூடினார்.

உடைந்தால்
பாலத்துக்கு வர இருபத்திரண்டு நிமிடம்.

தீயணைப்புக்கு ஊரில் ஆள் போதவில்லை.
பல் வைத்தியரிடம் கருவி கழுவும் எனக்கும்
ஒரு தலைக்கவசம், ஒரு அளவு பெரிய பூட்ஸ்,
பிளாஸ்டிக் உறையில் ஒரு பட்டியல்.
கீழ்த்தெரு. பதினொரு கதவுகள்.
ஆற்றை ஒட்டிய வீடு முதலில், பிறகு மேடேறி.
கதவுக்கு இரண்டு நிமிடம்:
கணக்கு அழகாகத்தான் இருந்தது.

பயிற்சியில்
நான்காம் கதவு சால்ட்ஸ்கெபர்
பல்செட் இல்லாமல் வரமாட்டேன் என்றார்.
(அதன் அளவெடுத்த நாளில் நான்தான் தட்டைப் பிடித்திருந்தேன்.)
ஒன்பதாம் கதவில் விடுமுறைக்கு வந்த குடும்பம்;
சைரன் மாட்டுச் சந்தைக்கு என்று நினைத்து
கைதட்டிச் சிரித்தது.
முடிக்க இருபத்தாறு நிமிடம்.
பதினோராவது வரியில்
என் பெயர்: கஜவதனி, இருவர்.

ஆகஸ்ட். மூன்று பத்து.
சைரன் பள்ளத்தாக்கை ஒரு முறை சுற்றி வருவதற்குள்
பூட்ஸுக்குள் வெறுங்கால்.
நிதர்சனின் அறையைத் தாண்டித்தான் படி.
தாண்டினேன்.
இதை எழுதும்போதும்
அந்த அறைக் கதவின் நிறத்தை எழுதத் தெரியவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று.
ஆறு இன்னும் ஆறாகத்தான் இருந்தது,
வாசம் மட்டும் மாறியிருந்தது:
உடைத்த கல்லின் வாசம், குளிர்ப்பெட்டியின் அடி.
சால்ட்ஸ்கெபர் பல்லோடு நின்றார், செருப்பில்லை.
ஐந்து. ஆறு.
ஏழாம் கதவில் கையை ஓங்கியபோது
மறுபக்கத்து இருட்டிலிருந்து இன்னொரு கை
அதே பலகையில் விழுந்தது.

நிதர்சன்.
உள்ளாடையும் என் மழைக்கோட்டும்.
"பதினொன்று, பத்து, ஒன்பது, எட்டு ஆயிற்று அம்மா.
ஒன்பதில் குழந்தையை நான்தான் தூக்கினேன்."
பட்டியல் குளிர்சாதனப்பெட்டியின் கதவில்
இரண்டு வருஷமாக ஒட்டியிருக்கிறது.
தினமும் பால் எடுக்கிறவன்.

ஏரி முழுக்க உடையவில்லை.
பனிக்கடியில் ஒரு துளை கண்டு
பாதியாய் இறங்கியது.
பாலத்தின் கைப்பிடியையும்
முதல் வீட்டுத் தக்காளிச் செடிகளையும் கொண்டுபோனது.
விடியலில் வயலில் கிடந்த பனிக்கட்டி ஒன்றை
சால்ட்ஸ்கெபர் குச்சியால் குத்திப் பார்த்தார்,
விலை கேட்கப் போகிறவர் மாதிரி.

அடுத்த ஜூனுக்குள் மறுபடி நிரம்பும் என்றார் இம்போடன்.
எத்தனை நிமிடம் பிடித்தது என்று
படிவத்தில் ஒரு கட்டம்.
நான் கடிகாரம் பார்க்கவில்லை.
அவனும் பார்க்கவில்லை.