அளவு சொல்லாத குறிப்பு

பேரீச்சையின் கொட்டையை எடு.
உள்ளே வாதுமை வை, அல்லது பொடித்த மிளகு.
மேலே உப்பில் புரட்டு.
காய்ச்சிய தேனில் வறு.
அவ்வளவுதான்.
ரோமாபுரியில் எவனோ எழுதிவிட்டு
அடுப்பை அணைத்துப் போய்விட்டான்.

எத்தனை பழம், எவ்வளவு தேன்,
உப்பு கல்லா தூளா?
காரைக்குடிக் கூட்டுறவு வங்கியில்
நகை மதிப்பிடுகிறவன் நான்.
அரக்குக்கும் அழுக்குக்கும் தனித்தனியே கழிப்பவன்.
மில்லிகிராம் பிசகினால்
செக்காலை ரோடு முழுக்கப் பேச்சு.
என்னிடம் வந்து
அளவே சொல்லாமல் உப்பு என்றால்?

செங்கமலத்துக்கு இந்த வாரம் இரவுப் பணி,
பெரியாஸ்பத்திரிப் பிரசவ வார்டு.
முந்தாநாள் எங்கள் கல்யாண நாள்.
பதினோராவது. இருவருமே மறந்திருந்தோம்.
முதலில் நினைவு வந்தவர் சமைக்க வேண்டும்
என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

திங்கட்கிழமைச் சந்தையில் பழம் வாங்கினேன்.
முந்திரி போடட்டுமா என்றார் கடைக்காரர்.
"அந்த ஊர்ல அப்ப முந்திரி இல்லீங்க."
"எந்த ஊரு, பள்ளத்தூரா?"
ஆமாம் என்று சொல்லி வந்துவிட்டேன்.

மிளகை மட்டும்
பொன் நிறுக்கும் தராசில் வைத்தேன்.
மூன்று புள்ளி இரண்டு நான்கு கிராம்.
இதற்காகத்தான் கப்பலில் காசு ஏற்றி வந்தார்கள்.
என் தொழில்காரன் ஒருவன்
அன்றைக்குத் துறைமுகத்தில் உட்கார்ந்து
அவர்கள் அரசன் தலையைக் கல்லில் உரசியிருப்பான்:
மூக்கு தேய்ந்திருக்கிறது,
கழிவு போக இவ்வளவு.

முதல் ஈடு கருகியது.
பொங்கும் வரை தேன் ஒன்றும் சொல்லாது,
பொங்கிய பிறகு கேட்க நேரமில்லை.
மாடிக் குடித்தனம் அடைக்கப்பன் எட்டிப் பார்த்தான்.
"என்னண்ணே புகை?"
"பலகாரம். ரோமாபுரிது."
"கவுனி மாதிரியா?"
"அது பர்மா."
அவன் ஜன்னலைச் சாத்திக்கொண்டான்.

இரண்டாவது ஈட்டுக்குத் தீயைத் தணித்தேன்.
கரண்டியில் எடுத்து விளக்கொளியில் பார்த்தபோது
இருபத்திரண்டு காரட் என்று எழுத
கை தானாகப் பேனாவைத் தேடியது.

ஆறு ஐம்பத்திரண்டு. ஸ்கூட்டி சத்தம்.
செங்கமலம் பையைக்கூட வைக்காமல்
ஒன்றை வாயில் போட்டாள்.
உப்பில் முகம் சுருங்கியது.
தேனில் விரிந்தது.
நடுவிலிருந்து மிளகு கிளம்பித்
தொண்டையில் தட்டியது.
"இருமலுக்கா?"
"கல்யாண நாளுக்கு."
"ஐயோ" என்றாள். நின்றபடி மென்றாள்.

"ராத்திரி நாலு. மூணு பொண்ணு, ஒரு பையன்.
கடைசிப் பொண்ணு ஒண்ணே முக்கால் கிலோதான்.
எடை பாக்க வச்சா
என் விரலைப் பிடிச்சிக்கிட்டு விட மாட்டேங்குது.
கையை எடுத்தாத்தானே எடை தெரியும்?"
"அப்புறம்?"
"கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஒதுக்கி வைத்திருந்த கருகல் தட்டிலிருந்து
ஒன்றைப் பிய்த்து எடுத்தாள்.
கசப்பும் இனிப்புமாய்ப் பல்லில் ஒட்டியது போலும்,
வெகுநேரம் பேசவில்லை.
"இதுதான் நல்லா இருக்கு.
எவ்வளவு நேரம் வறுத்தே?"

தெரியாது என்றேன்.