இருபது எண்கள்

ஜூலை பிறந்தால் விலை பிறக்கும்.
ஃபீனிக்ஸில் எங்கள் பஞ்சாங்கம் அப்படி.

திருஷா டோக்கனை வாசிக்கிறாள்,
நான் மீட்டரில் அமுக்குகிறேன்.
பதினேழாவது எண்ணில் யாரோ கதவைத் தட்ட
மறுபடியும் முதலிலிருந்து.

அவள் பிறந்த வருஷம்
நூறு ராண்டுக்கு நூற்றைம்பது யூனிட்.
இன்று முப்பத்திரண்டு.
ரசீதையெல்லாம் ஐஸ்கிரீம் டப்பாவில் சேர்த்துவைத்தேன்,
என்றாவது யாரிடமாவது காட்ட.
பழையவை இப்போது வெள்ளைத்தாள்.
மைக்கே மறந்துபோயிருக்கிறது.

இலவச ஐம்பது யூனிட்டுக்கு
ஏழை என்று சத்தியம் செய்து
கையெழுத்துப் போட வேண்டும்.
கவுண்டர் பையன் நல்லவன்,
என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டான்:
வீட்டில் ஃபிரிட்ஜ் உண்டா?
உண்டு.
உள்ளே என்ன என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

இருந்திருந்தால் எழுதியிருப்பேன்:
அரிசி, பருப்பு, மாவு.
பிளக்கைப் பிடுங்கி மூன்று குளிர்காலம் ஆகிறது.
எலி நுழையாத அலமாரி
எங்களிடம் அது ஒன்றுதான்.

ஐம்பது யூனிட்டும் வந்தது.
பதினொன்றாம் தேதி ராத்திரி
மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியது.

"அதுக்கும் கொஞ்சம் கரண்ட் போகுமேம்மா"
என்றாள் திருஷா.