ஒன்றரை மீட்டர் மஞ்சள்

செருப்பை வெளியே விடாதீர்கள்,
சாட்ஸ்வொர்த் குரங்குகளுக்கு எல்லா அளவும் பொருந்தும்.
உள்ளே வாருங்கள், மூன்று பேரும்.
கட்டில்மேல் இருப்பதெல்லாம் உங்களுக்கு,
கட்டிலுக்கு அடியில் இருப்பதும்.
அலமாரியைத் திறக்கும்போது மட்டும்
சற்று ஒதுங்கி நில், கோகிலம்:
முப்பத்தொரு வருஷம் மடித்து அடைத்தது,
மூச்சு விட்டால் மேலே விழும்.

மகள் வீட்டில் எனக்கு ஓர் அறை.
உம்ஷ்லாங்காவில், ஏழாவது மாடி.
கடல் தெரியுமாம்.
ஒரே அலமாரி, வெள்ளை,
கைப்பிடிகூட இல்லாத கதவு.
"எத்தனை பெட்டிம்மா?" என்று கேட்டாள்.
இரண்டு என்றேன்.
உண்மையைச் சொல்லியிருந்தால்
கப்பல்தான் பிடித்திருக்க வேண்டும்.

கட்டைவிரலும் கட்சி மாறிவிட்டது.
ஊசி கையில் இருக்கிறதா என்பதைக்
கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.
யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம்.
துணியைப் பாருங்கள்.

நொம்புசோ, உனக்கு நீலம்.
ஷ்வேஷ்வே, பதினாறு துண்டு,
ஒன்றுகூடத் தண்ணீர் காணாதது.
சந்தேகம் இருந்தால் நாக்கு நுனியில் வைத்துப் பார்,
கரித்தால் அசல்.
கிரே ஸ்ட்ரீட் கடையில்
கடைக்காரன் முறைக்க முறைக்க
இரண்டு பேரும் கன்றுக்குட்டி மாதிரி
நக்கிக்கொண்டு நின்றோமே, அதே நீலம்.

ஃபரீதா, இந்தச் சட்டைத் துணியெல்லாம்
ஜேக்கப்ஸ் ஃபாக்டரி.
காலர் தைத்த பத்தொன்பது வருஷமும்
சூப்பர்வைசர் கண்ணுக்குக் கழிவு,
என் கண்ணுக்கு முக்கோணம்.
கோடு போட்டது, கட்டம் போட்டது,
ஏதோ ஒரு பாங்க் மானேஜரின் தொப்பைமேல் ஏறாமல்
தப்பி வந்தது.
சாப்பாட்டு டப்பாவில் வந்ததால்
ஒன்றிரண்டில் மாங்காய் ஊறுகாய் வாடை இருக்கும்.
துவைத்துக்கொள்.

பிஸ்கட் டின்னில் இருப்பவை நகம் அளவுத் துண்டுகள்.
யாருக்கும் வேண்டாம் என்றால் சொல்லாதீர்கள்,
பேசாமல் எடுத்துப் போய்த்
தெரு திரும்பியதும் எறிந்துவிடுங்கள்.

இது ஏன் வெட்டாமலே இருக்கிறது என்றா கேட்டாய்?
சில துணி வெட்டுவதற்கு வாங்குவதில்லை.
விரித்து, கத்தரியை மேலே வைத்து,
இன்றைக்கு வேண்டாம் என்று
திரும்ப மடிப்பதற்கு வாங்குவது.
நீங்கள் வெட்டுங்கள்.
நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

கோகிலம்,
அந்த மூலையில் என்ன தேடுகிறாய்?
அங்கே இல்லை.
இரு.

என் தலையணை உறைக்குள் இருக்கிறது.
மஞ்சள், ஒன்றரை மீட்டர், கடுகளவு வெள்ளைப் புள்ளி.
தொண்ணூற்றெட்டில், பைன்டவுன் ஹாலில்,
நீ டீ வாங்கப் போனபோது
உன் கூடையிலிருந்து என் கூடைக்கு வந்தது.
தானாக வரவில்லை.
நீ மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடினாய்.
நானும் கூடத் தவழ்ந்து தேடினேன்.
எடுத்ததைவிட அந்தத் தவழ்தல்தான்,
கோகிலம்.

உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும்.
இத்தனை வருஷம் வெட்டவும் வரவில்லை,
கொடுக்கவும் வரவில்லை.
மற்றதெல்லாம் நான் கொடுப்பது.
இது கொடுப்பதில் சேராது.

அவள் ஒன்றும் பேசவில்லை.
ஜன்னல் பக்கம் விரித்துப் பிடித்தாள்.
மடிப்பு விழுந்த இடமெல்லாம்
நிறம் போய்க் கோடு கோடாக நின்றது.
நொம்புசோ நீலத்தை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டாள்.
ஃபரீதா அடுப்படிக்குப் போனாள், அடுப்பில் ஒன்றுமில்லை.

"அன்றைக்கே பார்த்தேன்" என்றாள் கோகிலம்.
"உன் பையில் நுனி தெரிந்தது.
அப்புறம் ஒவ்வொரு கண்காட்சியிலும்
நீ தைத்த போர்வைக்கு முன்னால் போய் நிற்பேன்,
மஞ்சளை எங்கே வைத்திருக்கிறாய் என்று பார்க்க.
ஒரு தடவையும் வைக்கவில்லையே, பாவி."

பிறகு மேசையைத் துடைத்தாள்.
கத்தரி எங்கே என்று கேட்டாள்.

கத்தரியை நொம்புசோ
முதல் பெட்டியில் போட்டு
மூன்று சுற்று டேப் ஒட்டியிருந்தாள்.
டேப்பைப் பிரிக்க வீட்டில் வேறு கத்தரி இல்லை.

கோகிலம் குனிந்து
பல்லால் கடித்தாள்.