பிழை எண் 2217

ஏழு விநாடி.
பனிக்கட்டி மண்டபத்தில் பென்குவின் வீட்டுக் கல்யாணம்.
வாசலில் நான்.
வருவது பென்குவின் என்றால்
மணிக்கட்டை வலப்பக்கம் சுண்ட வேண்டும், கதவு திறக்கும்.
கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வரும் கடற்காகம் என்றால் இடப்பக்கம்,
வழுக்கிக்கொண்டே போய்த் தண்ணீரில் விழும்.
தொப்.
குழந்தைகளுக்கு இந்தச் சத்தம் பிடிக்கும் என்கிறார்கள்.

பிர்னோ நகரில், பழைய கம்பளி ஆலையின் மூன்றாம் மாடியில்
இதை நாளுக்கு நானூறு தடவை விளையாட
எனக்குச் சம்பளம்.
தரையில் மஞ்சள் டேப்பால் ஒரு பெருக்கல் குறி,
அங்கேதான் நிற்க வேண்டும்.
கையுறையோடு, கையுறை இல்லாமல்,
முழங்காலிட்டுக் குழந்தை உயரத்தில்,
நாற்காலியில் உட்கார்ந்தபடி,
ஒரு முறை தும்மிக்கொண்டு.

க்வியெதா சிரித்ததில் கை குலுங்கி
பதினொரு கடற்காகங்கள் பந்தியில் உட்கார்ந்துவிட்டன.
அது 2206.
மாலையில் தோள் சோர்ந்து கை தானாக இறங்குகிறது,
கருவி அதை ‘உள்ளே போ’ என்று படிக்கிறது.
அது 2211.
களைப்புக்கும் கருணைக்கும் இதற்கு வித்தியாசம் தெரியவில்லை
என்று அறிக்கையில் எழுதினேன்.
ஸ்பின்யெக் அந்த வரியை அடித்துவிட்டான்.
எத்தனை பாகை, எத்தனை மில்லிவிநாடி,
அதை மட்டும் எழுது.

2217 வேறு மாதிரி.
நான் எதுவும் செய்யாமல் நின்றால்
வந்தவரும் நிற்கிறார்.
கடிகாரம் தீர்ந்த பிறகும் நிற்கிறார்.
இசை ஓய்ந்துவிடுகிறது.
கோட்டின் நடுப்பொத்தான் மட்டும்
மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குகிறது,
யாரோ மெனக்கெட்டு வரைந்திருக்கிறார்கள்.
சாப்பிடப் போய் வந்தேன்.
அப்படியே நின்றிருந்தது.

நேரம் தீர்ந்தால் மறுப்பு என்று வைத்துவிடலாம்,
ஒரு வரி நிரல்தானே, என்றான் ஸ்பின்யெக்.

அன்றிரவு லெஸ்னா போகும் டிராமில்
என் கைபேசி செத்துப்போனது, பயணச்சீட்டு அதற்குள்.
பரிசோதகர் ஏறினார். அகன்ற உடம்பு, மீசையில் பனி உருகிய ஈரம்.
சொன்னேன்.
கறுத்த திரையைக் காட்டினேன்.
அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு காலணியை.
நானும் கடற்காகத்துக்குக் காலைத்தான் முதலில் பார்ப்பேன்.

தொழில் புத்தி, என் கண் அவர் மணிக்கட்டில்.
அது வலப்பக்கமும் போகவில்லை, இடப்பக்கமும் போகவில்லை.
ஒரு நிறுத்தம் போயிற்று.
பின்னாலிருந்து இரண்டு பேர் மெல்ல நழுவி இறங்கினார்கள்.
இன்னொரு நிறுத்தம்.
அவர் என் பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றார்,
நான் என் கோட்டின் நடுப்பொத்தானைப் பிடித்தபடி.
“இன்னிக்கு நாள் முடியவே மாட்டேங்குது” என்றார்,
என்னிடம் அல்ல, ஜன்னல் கண்ணாடியிடம்.
என் நிறுத்தம் வந்தது. இறங்கினேன்.
டிராம் அவரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறியது.

காலையில் 2217-ஐ மூடவே வேண்டாம் என்று சொல்ல
ஒரு பத்தி யோசித்துக்கொண்டு போனேன்.
ஸ்பின்யெக் முந்திவிட்டான், புதுப் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

மஞ்சள் குறியில் நின்றேன், கையைத் தொங்கவிட்டு.
வந்தது பென்குவின்,
சிறகிடுக்கில் அழைப்பிதழ்.
ஐந்து. ஆறு.
என்னைப் பார்த்துக்கொண்டே வழுக்கிப் போனது.

அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு:
எதிர்பார்த்தபடி நடந்ததா?
குறி போட்டேன்.
அடுத்தது, கையுறையோடு.