வைக்கோற்போர்

சார்ஜண்ட் குதெய்னிகவ் அவர்களே,
என் இடது பூட்சில் காய்ந்த புல்லைக் கட்டச் சொன்னீர்கள்,
வலதில் வைக்கோலை.
சமாரா. ஜனவரி. மூச்சு மீசையில் உறைந்து நிற்கும் காலை.
புல்! வைக்கோல்! புல்! வைக்கோல்!
ஐந்து வாரம்.
இடம் வலம் அறியாதவன் என்று
பட்டியலில் என் பெயருக்கு நேரே எழுதினீர்கள்.

அறிவேன்.
ஏர் உழும்போது மண் எந்தப் பக்கம் புரளும்,
குதிரையை எந்தப் பக்கமாய் நெருங்கினால் உதைக்காது,
எல்லாம் அறிவேன், சுவாஷ் மொழியில்.
உங்கள் ருஷ்ய மொழியில்தான் தெரியாது.
கேட்டிருந்தால்
ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

பிரான்சுக்கு அனுப்ப ஆள் பொறுக்கினார்கள்.
பல்லைப் பார்த்தார்கள், மார்பை அளந்தார்கள்.
என் உயரத்துக்காக
என் நாக்கை மன்னித்தார்கள்.
ரயில், ரயில், பிறகு கப்பல், கப்பல்.
மார்செய் துறைமுகத்தில் பூக்களை மிதித்து நடந்தோம்,
தாளம் தப்பாமல்.
ஒருத்தி ஓடிவந்து என் துப்பாக்கி முனையில்
லைலாக் கொத்தொன்றைச் செருகினாள்.
பூ எந்தக் காலுக்கு என்று
ஒரு கணம் குழம்பிப்போனேன்.

அடுத்த ஏப்ரலைப் பற்றி எழுதமாட்டேன்.
பாதிப் பேர்.

ஜார் போய்விட்டார் என்றார்கள்.
லா கூர்தின் முகாமில் கூட்டம் போட்டோம்.
வீட்டுக்கு, என்று கை உயர்த்தினோம்.
எந்தக் கை என்று யாரும் கேட்கவில்லை.
வாழ்நாளில் அந்த ஒரு மதியம்தான்.

ரொட்டியை நிறுத்தினார்கள்.
செப்டம்பரில் குன்றின்மேல் பீரங்கி வந்தது.
ஜெர்மன்காரன் பீரங்கி இல்லை,
ருஷ்யன் குண்டு வைத்து, ருஷ்யன் குறிபார்த்து,
ருஷ்ய மொழியில் எண்ணிச் சுட்டது.
அதற்குள் எனக்கு எண்கள் நன்றாகவே புரிந்தன.
நீங்கள் குன்றின்மேல் இருந்தீர்களா,
எங்களோடு கீழே இருந்தீர்களா?
இரண்டு விதமாகவும் சொன்னார்கள்.

சரணடையப் போகும் வழியில்
யாரோ வாய்க்குள் முனகினான்: புல், வைக்கோல்.
எவன் கட்டளைக்கும் இனி அசையோம் என்றிருந்தவர்கள்
ஒரே காலாய் நடக்கத் தொடங்கினோம்.
உடைக்கப் பார்த்தேன், சார்ஜண்ட்,
வேண்டுமென்றே ஒரு அடி தவறவிட்டேன்.
அடுத்த அடியில்
கால் தானாக வரிசையில் சேர்ந்துகொண்டது.
பாதையோரம் நின்ற பிரெஞ்சு அதிகாரி
தொப்பியைத் தொட்டார். நல்ல படையாம்.

இப்போது மதாம் ஷபெர்னோவின் பண்ணையில் கூலிக்காரன்.
திரும்பாத அவள் கணவனின் பூட்சு
எனக்கு அளவாய் இருக்கிறது.
அவள் வாசலிலிருந்து புல் என்று கத்துவாள், பிரெஞ்சில்.
என் இடது கால் முதலில் எழும்.
வைக்கோல் என்பாள். வலது.
மூன்றாவது மொழியையும்
கால்தான் முதலில் கற்றுக்கொண்டது.

அறுப்பு முடிந்தது. நேற்று போர் அடுக்கினேன்,
ஏணி வைத்து, உச்சியைக் கூம்பாக்கி,
மழை வழிந்தோடும்படி.
மேலே நின்று பார்த்தேன்.
எந்தத் திசையிலும் குன்று இருந்தது;
எதன்மேலும் யாரும் இல்லை.

இறங்கி, செம்பழுப்புப் பசுவிடம் போனேன்.
கை நிறையப் புல்லை நீட்டி,
உதா, என்றேன், எங்கள் ஊர்ப் பேச்சில்.

ஒரே தடவைதான் சொன்னேன்.
தலையைத் திருப்பிவிட்டது.