மோட்டார் எந்த உயரத்தில்?

வியாசர்பாடியில் எங்கள் பட்டறைச் சுவரில்
இரண்டு கோடுகள்.
கீழே உள்ளது மழைத்தண்ணீர் போட்டது,
முழங்காலுக்கு மேல் நாலு விரல்.
மேலே உள்ளது பிலோமினா பென்சிலால் போட்டது.
"இதுக்குக் கீழ கரண்டு ஓடுற எதுவும் வேணாம்."
பட்டறையில் பாதி அவள் பணம்.

கேரம் போர்டுக்குச் சட்டம் செய்கிறோம்.
உள்விளிம்பின் வளைவு
நாலு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.
கை ரூட்டர் ஓட்டினால்
மூன்றாவது பக்கம் வரும்போது தோள் சலிக்கிறது;
அங்கே பட்ட காய்
கொஞ்சம் சோம்பலாகத் திரும்புகிறது.
முல்லை நகர் பையன் ஒருவன் அதைக் கண்டுபிடித்து
எங்கள் போர்டு கிடைத்தால்
அந்தப் பக்கமாகவே அடித்து ஜெயிக்கிறானாம்.
டெல்லிபாபு இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான்.
எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே, ஸ்பிண்டில் மோல்டர்.

பாரிமுனையில் ஏசி போட்ட கடையில்
பெயிண்ட் வாசம் போகாத புதுசு.
நிமிஷத்துக்கு ஒன்பதாயிரம் சுற்று என்றார் விற்பவர்,
என் நாடியைப் பிடித்துச் சொல்வதுபோல்.
எங்கள் பிளேடுக்கு அதில் பாதி போதும்.
மேசையைத் தட்டினேன்,
டிபன் டப்பா பதில் சொன்னது.
பிலோமினா குந்தி உட்கார்ந்து கதவைத் திறந்தாள்.
"மோட்டார் எந்த உயரத்துல கீது?"
கேட்லாக்கை மூன்று முறை புரட்டினார்.
அதில் குதிரைசக்தி இருந்தது,
தண்ணீர் இல்லை.

மாதவரத்தில் பார்த்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
ஸ்விட்ச் போட்டதும்
டெல்லிபாபு தானாக இரண்டடி பின்னால் போனான்.

கொருக்குப்பேட்டை கேட்டில் இருபது நிமிஷம்.
எண்ணெய் டேங்கர்களை எண்ணி
நாற்பத்தொன்றில் விட்டுவிட்டேன்.
தண்டவாளத்துக்கு அப்பால்
ஜக்கரியா பாய் கொட்டகை;
தார்ப்பாய்க்கு அடியில்
பெயர்த்தகடு உரசி அழிந்த வார்ப்பிரும்பு.
ஓடவிட்டோம்.
ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங் மேல் வைத்து
பிடியைக் காதில் கொடுத்தேன்.
கரகரப்பு இல்லை. ஒரே மூச்சு.
சட்டைப்பையிலிருந்த ஸ்ட்ரைக்கரை
மேசைமேல் விளிம்பில் நிறுத்தினேன்.
நின்றது.
டீ வந்தது, ஆறியது,
அது நின்றது.

"கார்டு எங்க பாய்?"
"வேல ஸ்லோ ஆவுதுன்னு
முன்ன வச்சிருந்தவன் கழட்டிட்டான்."
"அவுரு இப்போ?"
"நல்லாத்தான் கீறாரு. மாவுக் கட வச்சிட்டாரு."
"எத்தினி வெரலோட?" என்றாள் பிலோமினா.
பாய் இன்னொரு டீ சொல்லி அனுப்பினார்.

விலையில் ஆறாயிரம் அங்கேயே குறைந்தது.
மோட்டாரோ தரையிலிருந்து எட்டே அங்குலம்,
புதுசைவிடக் கீழே.
புதுசையும் மேடை கட்டி ஏற்றலாம்தான்.
அது மேடையில் ஆடும்,
இது உட்காரும்.
திரும்பும் வழியெல்லாம் அவள் பேசவில்லை.
மூலக்கொத்தளம் தாண்டும்போது
"சிமெண்ட் மூட்ட எவ்ளோ இப்ப?" என்றாள்.

பென்சில் கோட்டைத் தொடும்வரை மேடை போட்டோம்.
ஏற்றிய பிறகுதான் தெரிந்தது:
மேசை டெல்லிபாபுவின் நெஞ்சுக்கு வருகிறது.
பெட்டிமேல் நின்று ஓட்டுகிறேன் என்றான்.
திட்டினேன்.
அவன் நிற்கும் இடத்தையும் உயர்த்த
இன்னும் பதினோரு மூட்டை.
த்ரீ பேஸ் லைனுக்கு எழுதிப்போட்டு
நாற்பது நாள் சும்மா கிடந்தது,
மேலே மரத்தூள் படியாமல், தெருத்தூசி படிந்து.
அதற்குள் பெரம்பூர் வெல்டர் கார்டு செய்து தந்தார்.
அதை மாட்டாமல் பிளேடு மாட்டுவதில்லை என்று
மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம்,
மூன்றாவது ஆள் கொஞ்சம் முனகலோடு.

போன வாரம் முல்லை நகர் பையன் வந்தான்.
புது போர்டு. பவுடர் தூவினான்.
ஒவ்வொரு பக்கமாக அடித்துப் பார்த்தான்,
மறுபடியும் சுற்றி வந்தான்.
பிறகு நிமிர்ந்து,
"மூணாவது பக்கம் எதுண்ணா?" என்றான்.

எங்களுக்கும் தெரியவில்லை.